தாய்மாமன்: வரவில்லை

எனக்கு ஹாரன் அடிக்கக் கூச்சம். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன் இப்படிச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். எங்கள் ஊர் புக்கிட் பெருவாங்கில் என் வேனில் பிள்ளைகளை அனுப்பும் தாய்மார்களைக் கேட்டுப் பாருங்கள். விடிவதற்கு முன்னால் வீட்டு வாசலில் வேனை நிறுத்துவேன். விளக்கை ஒரு தடவை அணைத்து ஏற்றுவேன். அவ்வளவுதான். உள்ளே பிள்ளை காலுறை தேடிக்கொண்டிருக்கும். நான் தப்பான வீட்டுக்கு வந்துவிட்டவன் மாதிரி ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பேன். சில நாள் அந்தப் பிள்ளைக்குக் காய்ச்சலாக இருக்கும், அன்று பள்ளிக்கே போகாது. அதை யாரும் எனக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். நானும் கேட்டிருக்க மாட்டேன்.

பள்ளிகள் மூடிக்கிடந்த அந்த நோய்க் காலத்தில் வேன் மரத்தடியில் நின்றது. வீட்டில் இருந்தவன் கைப்பேசியில் வீடியோ பார்த்துப் பார்த்து புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டேன். நான் ஐந்தாம் படிவத்தோடு, அதாவது பள்ளிக்கூடத்தோடு, படிப்பை முடித்தவன். அதனால் கற்றுக்கொண்டேன் என்பது கொஞ்சம் பெரிய வார்த்தை. ஒரு வரி எழுதினால் இரண்டு வரிக்குச் சிவப்பு எழுத்தில் பிழை வரும். ஆனால் எனக்கு ஒரு ஆசை இருந்தது. காலையில் தாய்மார்கள் தங்கள் கைப்பேசியில் ஒரு பட்டனை அழுத்த வேண்டும். ‘வருகிறார்’ என்று பச்சையில் வந்தால் நான் அந்த வீட்டில் நிற்பேன். ‘வரவில்லை’ என்று சிவப்பில் வந்தால் நேராகப் போய்விடுவேன். யாரும் யாரோடும் பேச வேண்டாம், ஹாரனும் வேண்டாம்.

பள்ளி திறந்த பிறகு, காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டு மதியம் ஏற்றப் போகும்வரை எனக்கு ஓய்வு. அந்த நேரத்தில் சாப்பாட்டு மேசையில் பழைய மடிக்கணினியைத் திறப்பேன். சிவப்பு எழுத்து வரும். மூடிவிட்டுப் போய் வேனைக் கழுவுவேன். மறுநாள் திறப்பேன். சிவப்பு எழுத்து. மறுபடியும் வேனைக் கழுவுவேன். எங்கள் தாமானிலேயே, அந்தக் குடியிருப்பு முழுக்க, என் வேன்தான் பளபளவென்று இருந்ததற்கு வேறு காரணம் இல்லை.

அப்போதுதான் ஒரு வெளிநாட்டுக்காரர் தான் புரோகிராம் எழுதுவதை அப்படியே லைவாகக் காட்டுவதைப் பார்த்தேன். அவருக்கும் சிவப்பு எழுத்து வந்தது. ஆனால் அவர் எழுந்து போகவில்லை. ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது எப்படி எழுந்து போவது? எனக்கு வேண்டியது இதுதான் என்று தோன்றியது. கல்யாண வீட்டில் தண்ணீர்த் தொட்டி ஓரமாகவே நிற்கிற ஆள் நான். நான் போய் லைவில் பேசுவதா என்று நீங்கள் கேட்கலாம். என் மனைவியும் அதையேதான் கேட்டாள். ஆனால் லைவில் எதிரே முகம் கிடையாது. பிள்ளைகள் இறங்கிய பிறகு இத்தனை வருடமாக நான் வேன் கண்ணாடியோடு பேசிக்கொண்டு வந்தவன். இதுவும் ஒரு கண்ணாடிதானே.

முதல் நாள் ஆறு பேர் பார்த்தார்கள். எனக்கு வியர்த்துவிட்டது. பிறகு கணக்குப் பார்த்ததில், சரியாகப் போகிறதா என்று என் கைப்பேசியில் நான் பார்த்தது ஒன்று, அடுப்படியிலிருந்து மனைவி பார்த்தது ஒன்று, மருத்துவமனையில் வேலை செய்யும் மகள் பார்த்தது ஒன்று. மீதி மூன்று பேர் வழி தவறி வந்தவர்கள். அதில் ஒருவர் மட்டும் தங்கிவிட்டார். ஈப்போவில் இருக்கிறாராம். அதற்குமேல் அவரைப் பற்றி இன்றுவரை எனக்கு ஒன்றும் தெரியாது. நான் கால்மணி நேரமாகத் தலையைப் பிய்த்துக்கொண்டிருக்கும்போது, “ஐயா, ஏழாவது வரியில் ஒரு அடைப்புக்குறி விட்டுப்போயிருக்கு” என்று எழுதுவார். அவ்வளவுதான் பேச்சு. என் மாதிரியே ஆள் என்று நினைத்துக்கொள்வேன்.

சும்மா சொல்லக்கூடாது, அதில் ஒரு சுகம் இருந்தது. என்ன செய்கிறேன் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினால், சொல்லும்போதே எங்கே தப்பு என்று பிடிபட்டுவிடும். பாதி வாக்கியத்தில் நிறுத்தி, “ஓ, இது மேலே இருக்கணுமா” என்பேன். யாரும் எனக்கு அதைச் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் யாரும் பார்க்காவிட்டால் நான் வாயைத் திறந்தே இருக்க மாட்டேன்.

வேன் தாய்மார்களுக்கு விஷயம் தெரிந்ததும் நிலைமை மாறியது. தங்களுக்காக வேன் அங்கிள் ஏதோ செய்கிறார் என்று ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்தார்கள். காலை வேலைகளை முடித்துவிட்டு ஒன்பது மணிக்கு வருவார்கள். புரோகிராமைப் பற்றி அவர்கள் கேட்டதே இல்லை.

“அங்கிள், பசியாறியாச்சா?”

“அங்கிள், பின்னால ரைஸ் குக்கர் லைட்டு மாறிடுச்சு பாருங்க.”

“அந்தச் சட்டையை நேத்தும் போட்டிருந்தீங்கதானே?”

நான் ஒரு கடினமான இடத்தில் விரலைத் தூக்கிக்கொண்டு யோசித்துக்கொண்டிருப்பேன். இவர்களுக்குப் பதில் சொல்லாமல் இருந்தால் மரியாதையாக இருக்காது. பதில் சொன்னால் யோசித்தது பறந்துவிடும். பசியாறினேன் என்று சொன்னால், என்ன பசியாறினீர்கள் என்று அடுத்தது வரும். ஒரு காலையில் முடிய வேண்டிய வேலை ஒரு வாரம் போனது. இதில் இன்னொரு கேடும் இருந்தது. ஆட்கள் பார்க்கிறார்கள் என்றதும், வேலை செய்கிற இடத்தை விட்டுவிட்டு, பார்க்க அழகாக இருக்கிற இடத்துக்குக் கை போகும். பட்டனுக்கு என்ன நிறம் வைப்பது என்றே மூன்று நாள் ஓட்டினேன். அந்த மூன்று நாளும் நல்ல கூட்டம்.

இந்தச் சமயத்தில்தான் மகளுக்குச் சம்பந்தம் கூடி வந்தது.

என் மகள் தாதி. பையன் அவளே பார்த்துக்கொண்டவன், சுங்கை ரம்பாய்ப் பக்கம். நல்ல பிள்ளை. அப்பா சின்ன வயதிலேயே இறந்துவிட்டார். அம்மாவின் அண்ணன், அதாவது தாய்மாமன்தான், வளர்த்துப் படிக்க வைத்தார். செம்பனை எண்ணெய் ஆலையில் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். அந்த வீட்டில் அவர் சொல்தான். நாங்கள் முதல்தடவை பேசப் போனபோது மகளை நன்றாக ஒரு தடவை பார்த்துவிட்டுச் சொன்னார்: “பிள்ளைங்க தானா பார்த்துக்கிட்டது. பரவால்ல. எனக்கு வேற ஒண்ணும் வேணாம். மரியாதை மட்டும் குறையக் கூடாது.”

பரிசம் எங்கள் வீட்டில், ஞாயிற்றுக்கிழமை என்று முடிவானது. மாப்பிள்ளை வீட்டார் தட்டு வரிசையோடு வருவார்கள். முதல் தட்டைத் தாய்மாமன்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும். அவர் எடுத்துக் கொடுக்காமல் அந்தக் குடும்பத்தில் எந்தத் தட்டும் இடத்தை விட்டு நகராது. அவருக்குக் கண் அறுவைச் சிகிச்சை ஆகியிருந்ததால் காடி ஓட்டுவதில்லை. அவரையும், செர்காமில் இருக்கும் மாப்பிள்ளையின் அத்தையையும் என் வேனிலேயே ஏற்றி வருவது என்று பேசிக்கொண்டோம்.

ஒரு நாள் மாப்பிள்ளையின் அம்மா என் மனைவிக்குப் போன் செய்தார். தட்டைப் பற்றியெல்லாம் பேசிவிட்டுக் கடைசியில், “சம்மந்தி, உங்க வீட்டு மூலையில இருக்கிற ஃபேன் ரொம்பச் சத்தம் போடுதே, ஆள விட்டுப் பார்க்கலாம்தானே?” என்றார்.

மனைவி போனை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். “நம்ம வீட்டு ஃபேன் சத்தம் அவங்களுக்கு எப்படிங்க தெரியும்?”

பையன் பெருமையாகச் சொல்லியிருக்கிறான், என் மாமனார் லைவில் வருவார் என்று. அம்மா அதைக் குடும்பத்து வாட்சப்பில் போட்டுவிட்டார். பெண் எடுக்கிற வீட்டை நாலு பேரை விட்டு விசாரிப்பது வழக்கம். எங்கள் வீட்டை விசாரிக்க யாரையும் அனுப்ப வேண்டியிருக்கவில்லை. தினம் ஒன்பது மணிக்கு நானே திறந்து காட்டிக்கொண்டிருந்தேன்.

மறுநாளிலிருந்து மனைவியின் நடவடிக்கை மாறியது. காலையில் கோயிலுக்குப் போவதுபோல் சேலை கட்டிக்கொண்டு சாம்பார் வைத்தாள். என் முதுகுக்குப் பின்னால், தேவையே இல்லாமல், வெள்ளித் தாம்பாளம் அங்குமிங்கும் போய் வந்தது.

“ஏங்க, கேமராவைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்புங்க. புது கர்ட்டன் இங்கதான் மாட்டியிருக்கேன்.”

“நான் கோடிங் காட்டுறேன், கர்ட்டன் விக்கல.”

“உங்க கோடிங்க யாரு பார்க்கிறா?” என்றாள்.

நான் மறுபடி அடைப்புக்குறியைத் தேட ஆரம்பித்தேன்.

பரிசத்துக்கு முந்தின புதன்கிழமை நடந்ததைத்தான் சொல்ல வந்தேன். பட்டன் எல்லாம் தயார். சோதித்துப் பார்க்கப் பெயர்கள் வேண்டும். முன்பு ஒரு நாள் வேன் பிள்ளைகளின் பெயரையே போட்டுப் பார்த்தேன். ஒரு தாய்க்குக் கோபம் வந்துவிட்டது. “என்ன அங்கிள், வெள்ளிக்கிழமையும் அதுவுமா என் பிள்ளை பேரைப் போட்டு வரவில்லை, வரவில்லைனு சிவப்புல காட்டுறீங்க. வேற பேரே கெடைக்கலயா லா?” அது நியாயம்தான். அதனால் இந்தத் தடவை யார் மனமும் நோகாத பெயராகப் போட வேண்டும் என்று நினைத்தேன். முந்தின நாள் மாலை முழுவதும் மனைவி ஞாயிற்றுக்கிழமை யாரை எங்கே ஏற்றுவது என்றுதான் பேசிக்கொண்டிருந்தாள். விரல் நுனியில் அதுதான் நின்றது. யோசிக்காமல் அடித்தேன்: ‘தாய்மாமன், சுங்கை ரம்பாய்.’ அடுத்து, ‘அத்தை, செர்காம்.’

என் புரோகிராமில் ஒரு விதி வைத்திருந்தேன். சொன்ன நேரத்துக்குள் பட்டனை அழுத்தாதவர் வரவில்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த விதிதான் வாரக்கணக்கில் வேலை செய்யாமல் என்னை வதைத்துக்கொண்டிருந்தது. அன்று கணினியின் நேரத்தைத் தள்ளி வைத்துவிட்டுப் பார்த்தேன். திரையில் பெரிய சிவப்பு எழுத்தில் வந்தது:

‘தாய்மாமன், சுங்கை ரம்பாய்: வரவில்லை. வண்டி நிற்காது.’

வேலை செய்துவிட்டது! எனக்கு இருந்த சந்தோஷத்தில் கையைத் தட்டினேன். கூச்சமெல்லாம் எங்கே போனதோ, கேமராவைப் பார்த்து உரக்கச் சொன்னேன்: “பார்த்தீங்களா! இவருக்காக இனிமே ஒரு நிமிஷம்கூட நிக்க வேண்டியதில்ல! கூப்பிட வேண்டாம், கேக்க வேண்டாம், நேரா போய்க்கிட்டே இருக்கலாம்!”

பார்க்கிறவர்கள் எண்ணிக்கை சட்டென்று குறைந்தது. சரி, தாய்மார்களுக்குச் சமையல் வேலை வந்திருக்கும் என்று நினைத்தேன். ஈப்போக்காரர் மட்டும், “நன்றாக வேலை செய்கிறது ஐயா” என்று எழுதினார். அந்த மனிதருக்கு எங்கள் குடும்ப விவகாரம் தெரியாது, பாவம்.

மகள் மருத்துவமனையிலிருந்து போன் செய்தாள்.

“ப்பா, லைவ்ல என்ன எழுதுனீங்க?”

“ஒண்ணும் இல்லம்மா. டெஸ்ட்டு.”

“மாமா பெரிய டிவில போட்டுப் பார்த்திருக்காரு ப்பா. பக்கத்து வீட்டு ஆளுங்களையும் கூப்பிட்டு வச்சுப் பார்த்திருக்காரு, சம்மந்தி கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறாருனு. இப்ப ‘நான் வரல, எனக்கு வண்டியும் வேணாம்’னு சொல்லிட்டு உள்ள போய்ப் படுத்துட்டாராம்.”

அவள் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு, “சரி ப்பா. நான் வார்டுக்குப் போகணும்” என்றாள். நோயாளியின் வீட்டாரிடம் பேசுகிற குரலில் சொன்னாள். அழுதிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

தனியாக எழுதுகிறவன் தப்பாக எழுதினால் ஒரு விசையைத் தட்டி அழித்துவிடுவான். நானும் அப்படி நினைத்து, லைவின் பதிவையே அழித்தேன். அரைமணி நேரத்தில் மாப்பிள்ளையின் அம்மா மனைவியைக் கூப்பிட்டார். “அழிச்சிட்டாராமே சம்மந்தி. அப்போ வேணும்னேதான் எழுதினதுனு அண்ணன் சொல்றாரு. நான் என்னத்தச் சொல்ல?”

மனைவி போனை மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். திட்டவில்லை. “கர்ட்டனை மட்டும் காட்டியிருந்தா இந்த வினையே இல்ல” என்றாள்.

வியாழக்கிழமை மாலை, பிள்ளைகளையெல்லாம் இறக்கிவிட்டு நாங்கள் இரண்டு பேரும் சுங்கை ரம்பாய்க்குப் போனோம். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பழம், பூ. மறுபடியும் முறையாக அழைப்பது என்று ஏற்பாடு. வழியெல்லாம் மனைவி எனக்குப் பேசக் கற்றுக் கொடுத்தாள். நானும் தலையை ஆட்டினேன்.

வீட்டு வாசலில் வேனை நிறுத்தினேன். கேட் சாத்தியிருந்தது. ஜன்னல் வழியாக அவர் டிவி பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது. நான் வழக்கம்போல விளக்கை ஒரு தடவை அணைத்து ஏற்றினேன். நல்ல வெயில். விளக்கு எரிந்தது எனக்கே தெரியவில்லை.

“ஹாரன் அடிங்க” என்றாள் மனைவி.

“சும்மா இரு. பார்ப்பாரு.”

“பார்த்துட்டாரு. அதனாலதான் திரும்பிக்கிட்டாரு. அடிங்க.”

அடித்தேன். வருடா வருடம் வண்டிச் சோதனையில் மட்டும் கத்திப் பழகிய ஹாரன். அதுவும் நான் விரல் நுனியால் தொட்டேன். ஆட்டுக்குட்டி தும்மினதுபோல ஒரு சத்தம் வந்தது. உள்ளே அவர் தோள் குலுங்கியது. கோபமா சிரிப்பா என்று எனக்கு அங்கிருந்து தெரியவில்லை. அவருடைய மருமகள் வந்து கேட்டைத் திறந்தார்.

அவர் சட்டை போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். மனைவி தாம்பாளத்தை வைத்துவிட்டுப் பேச ஆரம்பித்தாள். அவர் கையைக் காட்டினார்.

“நீங்க பேசாதீங்கமா. எழுதுனவரு பேசட்டும்.”

நான் வாயைத் திறந்தேன். மூடினேன். தேநீர் வந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வழியில் கற்றுக்கொண்டதெல்லாம் தலைகீழாக நின்றது. சுவரில் பல்லி ஒன்று, அது என்னைவிடத் தைரியமாகச் சத்தம் போட்டது.

“டிவில மணிக்கணக்கா பேசுறாரு. என்னைய வேணாம்னு சொல்றதுக்குக் கைதட்டல் வேற” என்றார் அவர். “இங்க வந்தா வாயில கொழுக்கட்டையா?”

என் மனைவிக்குப் பொறுக்கவில்லை. தன் கைப்பேசியை எடுத்தாள், கேமராவைத் திறந்தாள், டீப்பாயில் இருந்த பிஸ்கட் டின்னில் சாய்த்து வைத்தாள். அதில் என் முகம் தெரிந்தது. “அவரைப் பார்க்காதீங்க. இதைப் பார்த்துப் பேசுங்க” என்றாள்.

“எல்லாருக்கும் வணக்கம்” என்றேன். பழக்கதோஷம். மருமகள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனார்.

ஆனால் அதற்குப் பிறகு பேச்சு வந்துவிட்டது. காலையில் பிள்ளைகள் வீட்டு முன்னால் ஹாரன் அடிக்க எனக்குக் கூச்சம் என்பதிலிருந்து ஆரம்பித்தேன். பட்டன், பச்சை, சிவப்பு, நேரம் தாண்டினால் என்ன ஆகும் என்ற விதி, வெள்ளிக்கிழமை கோபப்பட்ட தாய், முந்தின நாள் வீட்டுப் பேச்சு, விரல் நுனியில் நின்ற பெயர், எல்லாம் வரிவரியாகச் சொன்னேன். “இவருன்னு நான் சொன்னது உங்களை இல்லண்ணே. பட்டன் அழுத்தாத ஆள. யாரா இருந்தாலும். நான் கைதட்டுனது புரோகிராம் ஓடுனதுக்கு. எங்க மக இந்த வீட்டுக்கு வரப்போறவ. நீங்க வராம அங்க பரிசம் ஏது?” கடைசியில் பிஸ்கட் டின்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

அவர் டின்னையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

“அப்போ நான் பட்டன் அழுத்தியிருந்தா?”

“‘வருகிறார்’னு பச்சையில வரும்ணே.”

“எங்கிட்ட யாரும் பட்டன் குடுக்கலயே.”

“குடுக்கல” என்றேன், டின்னிடம்.

“கேக்காமலே வரலனு போட்டுடுவியா? அது என்ன புரோகிராம் லா?” அவர் தேநீரை ஒரு வாய் குடித்தார். “சரி. நீ இங்க வந்து சொல்லிட்டே. ஆனா சிவப்புல வந்ததை ஊரே பார்த்துச்சு. பக்கத்து வீட்டுக்காரன் பார்த்தான். பச்சையையும் அவன் பார்க்கணும்.”

வெள்ளிக்கிழமை காலை, பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு நேராகப் போய் அவரை ஏற்றி வந்தேன். இஸ்திரி போட்ட சட்டை, நெற்றியில் விபூதி, வாசனைத் தைலம். நான் லைவில் இதுவரை ஒருவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசியதில்லை. முகம் இல்லாத இடம் என்றுதானே அங்கே போனேன். இப்போது முழங்கை இடிக்கிற தூரத்தில் ஒரு முகம், அதுவும் அந்த முகம். மகள் அன்று விடுப்பு எடுத்திருந்தாள். அடுப்படி வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். கேமராவுக்குத் தெரியாது, எனக்குத் தெரிந்தது.

சுங்கை ரம்பாயே வந்து உட்கார்ந்திருக்க வேண்டும். அத்தனை பேரை நான் பார்த்ததே இல்லை. அவர் முதலில் கேமராவைப் பார்க்கவில்லை, ரைஸ் குக்கரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஓரத்தில் எழுத்து ஓடுவதைக் கண்டுபிடித்தார்.

“இது யாரு, எங்க பக்கத்து வீட்டுக்காரனா? டேய், பசியாறிட்டியா?”

“யாரு இது, ஈப்போ? ஈப்போவில எங்க?”

“ஆமாமா, சட்டை புதுசுதான்.”

கால்மணி நேரம் அவரே நடத்தினார். நான் இத்தனை நாளாக என் வேலைக்கு இடைஞ்சல் என்று நினைத்த கேள்விகளுக்கெல்லாம் அவர் நின்று நிதானமாகப் பதில் சொன்னார். நான் பக்கத்தில் உதவியாள் மாதிரி உட்கார்ந்திருந்தேன். ஒரு விஷயம் சொல்ல வேண்டும், எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

முந்தின நாள் மாலை வீடு திரும்பியதும் புரோகிராமில் ஒரு மாற்றம் செய்திருந்தேன். பட்டனை அழுத்தாதவர் பெயருக்கு இனிமேல் ‘இன்னும் சொல்லவில்லை’ என்று மஞ்சளில் வரும். சோதித்துப் பார்க்க நேரம் இல்லை. சோதித்துப் பார்க்க யார் பெயரைப் போடுவது என்ற பயமும் இருந்தது.

“இப்ப அழுத்துங்கண்ணே” என்றேன்.

அவர் விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, திரையில் நான் காட்டிய இடத்தில் மவுஸின் அம்புக்குறியைக் கொண்டுபோய் வைத்து, பொட்டு வைப்பதுபோல அழுத்தினார்.

பச்சை வரவில்லை. மஞ்சளும் வரவில்லை. திரை முழுக்கச் சிவப்பு எழுத்து கொட்டியது.

ஓரத்தில் ஓடிக்கொண்டிருந்த பேச்செல்லாம் நின்றது. ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது. ஈப்போக்காரர், “ஐயா, பன்னிரண்டாவது வரி” என்று எழுதினார். எனக்குப் பன்னிரண்டாவது வரி எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை. அடுப்படி வாசலில் மகள் கட்டிய கையை அவிழ்த்தாள்.

அவர் சிவப்பைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு முதல்தடவையாக நிமிர்ந்து நேராகக் கேமராவைப் பார்த்தார்.

“எல்லாரும் நல்லாப் பார்த்துக்குங்க” என்றார். “நான் ஞாயித்துக்கிழமை வரேன். மொதத் தட்டு நான்தான் எடுக்கிறேன். இந்தக் கம்ப்யூட்டருக்குத்தான் இன்னும் விஷயம் தெரியல.”

மகள் சிரித்த சத்தம் லைவில் கேட்டிருக்கும். அன்றைய பதிவை நான் அழிக்கவில்லை.

எழுந்து போகும்போது என் தோளில் தட்டினார். “பட்டன் கிட்டன் வேணாம் சம்மந்தி. வந்து ஹாரன் அடி. நேத்து மாதிரி ஆட்டுக்குட்டி வேலை வேணாம், என்ன?”

ஞாயிற்றுக்கிழமை காலை சுங்கை ரம்பாயில் வேனை நிறுத்தினேன். ஜன்னல் வழியாகத் தெரிந்தது: வேட்டி சட்டையோடு, மடியில் தட்டோடு, எப்போதோ தயாராகி உட்கார்ந்திருந்தார். வேனைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை. காத்திருந்தார். நான் கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் அழுத்தினேன். பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. பக்கத்து வீட்டுக்காரரும் எட்டிப் பார்த்தார். அப்புறம்தான் இவர் வெளியே வந்தார், அவரைப் பார்த்து ஒரு தலையசைப்போடு.

முன் இருக்கையில் ஏறி, தட்டை மடியில் சரிசெய்துகொண்டார். கண்ணாடியைத் திருப்பி முடியை ஒரு தடவை கோதினார்.

“இப்ப லைவ் போகுதா?”

“இல்லண்ணே. வேன்ல எப்படி?”

“ஓ” என்றார். கண்ணாடியைப் பழையபடி திருப்பி வைத்தார்.

செர்காமில் அத்தை வீட்டு முன்னால் வண்டி நின்றது. நான் பழக்கத்தில் விளக்கு விசைக்குக் கையை நீட்டினேன். அதற்குள் அவர் ஒரு கையால் தட்டைப் பிடித்துக்கொண்டு, என் மேல் சாய்ந்து, மறு கையால் ஹாரனை அழுத்தினார். நீளமாக, இரண்டு தடவை.